கிறிஸ்துமஸுக்கு வான்கோழி கட்டாயமா? கிராய்டனுக்குப் புதிதாக வந்தவருக்கு ஒரு பதில்

தம்பி, நீங்கள் கேட்டதன் சுருக்கம் இது. லண்டனின் கிராய்டனில் உங்களுக்கு இது முதல் கிறிஸ்துமஸ். வீட்டில் நீங்கள், மனைவி, இரண்டு பிள்ளைகள். பக்கத்து வீட்டு ஆங்கிலேயத் தம்பதியை அன்று மதியம் சாப்பிட அழைத்துவிட்டீர்கள். ஆபீஸில் ஒருவர் "வான்கோழி இல்லாமல் என்ன கிறிஸ்துமஸ்" என்கிறார். இன்னொருவர் "அது வெறும் சக்கை, கூஸ் வாங்கு" என்கிறார் (கூஸ் என்பது பெரிய வாத்து போன்ற பறவை). நம் ஆட்கள் "பேசாமல் மட்டன் பிரியாணி போடு" என்கிறார்கள். மனைவி மாட்டிறைச்சியும் பன்றியும் தொடமாட்டார். இதில் யார் பேச்சைக் கேட்பது?

கட்டாயம் என்று எதுவும் இல்லை. வான்கோழி அமெரிக்கக் கண்டத்துப் பறவை. 16ஆம் நூற்றாண்டில்தான் இங்கிலாந்துக்கு வந்தது. வந்த பிறகும் பல தலைமுறைக்கு வசதியானவர்கள் வீட்டில்தான் அது வெந்தது. விக்டோரியா காலத்து லண்டன் தொழிலாளிகள் வாரா வாரம் சில காசுகளை 'கூஸ் கிளப்' என்ற சேமிப்பில் கட்டி, டிசம்பரில் ஒரு கூஸை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். நம்மூர் தீபாவளிச் சீட்டு போலத்தான். போர்க்காலத்து இறைச்சி ரேஷன் 1954இல் முடிந்து, பெரிய பண்ணைகள் வந்து, வீட்டுக்கு வீடு ஃபிரிட்ஜும் வந்த பிறகுதான் வான்கோழி எல்லார் மேசைக்கும் இறங்கியது. ஆபீஸ் நண்பர் அது ஆதிகால வழக்கம் போலப் பேசினாலும், பல குடும்பங்களில் அது தாத்தா பாட்டி காலத்தில் தொடங்கிய பழக்கம்தான். அமெரிக்காவிலோ டொரொண்டோவிலோ சொந்தக்காரர்கள் இருந்தால் அவர்கள் வேறு கணக்குச் சொல்வார்கள். அங்கே நன்றி நவிலும் நாளுக்கே வான்கோழி வந்துவிடும்: கனடாவில் அக்டோபர் இரண்டாம் திங்கள், அமெரிக்காவில் நவம்பர் நான்காம் வியாழன். அமெரிக்காவில் பல வீடுகளில் கிறிஸ்துமஸுக்கு ஹாம் (உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றித் தொடை) வைத்து முடித்துக்கொள்வார்கள்.

சக்கை என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவர் சாப்பிட்டது சக்கையாகத்தான் இருந்திருக்கும். ஆனால் குற்றம் பறவையுடையது அல்ல. இன்றைய பண்ணை வான்கோழி நெஞ்சு பெருக்க வேண்டும் என்றே வளர்த்தெடுத்த இனம். அந்த நெஞ்சுக்கறியில் கொழுப்பு மிகக் குறைவு. உள்சூடு 70 டிகிரி தாண்டியதும் சாறு வேகமாக வெளியேறி நார் நாராகும். கால், தொடைக் கறி நேர் எதிர்: சவ்வு நிறைந்தது, 80 டிகிரிக்குப் பக்கத்தில் போனால்தான் மெத்தென்று ஆகும். ஒரே ஓவனில், ஒரே உடம்பில் இரண்டையும் ஒன்றாக வேகவிட்டால், கால் பதமாகும் நேரத்தில் நெஞ்சு காய்ந்துபோகும். பயத்தில் கூடுதலாக ஒரு மணி நேரம் விட்டுவைப்பவர்களும் உண்டு. பெரிய பறவையாகப் பார்த்து வாங்கும் ஆசையும் இதைத்தான் கெடுக்கிறது.

அதனால் ஆறு பேருக்கு முழு வான்கோழி வேண்டாம். 5 கிலோ பறவை எட்டு முதல் பத்துப் பேருக்கு வரும்; உங்கள் ஃபிரிட்ஜில் ஒரு தட்டு முழுவதும் அதற்கே போகும், சின்ன ஓவனாக இருந்தால் ட்ரே உள்ளேயே நுழையாது. 'டர்க்கி கிரௌன்' என்று கேளுங்கள். கால்களை நீக்கி, நெஞ்சை எலும்போடு மட்டும் விட்டிருப்பார்கள். 2.5 முதல் 3 கிலோ எடுத்தால் உங்கள் ஆறு பேருக்கும் போதும். கால் இல்லாததால் மேலே சொன்ன சண்டையே இல்லை: நெஞ்சு எப்போது பதமோ அப்போது எடுத்துவிடலாம். பிள்ளைகளுக்குக் கால்தான் பிடிக்கும் என்றால் கசாப்புக் கடையில் காலைத் தனியாக வாங்கி முந்தின நாளே குழம்பாக வைத்துவிடுங்கள். ஒன்றரை மணி நேரம் சிறு தீயில் கொதித்தால் நன்றாக இளகும். கீழ்க்காலில் எலும்பு போன்ற கெட்டியான நரம்புகள் நிறைய ஓடும். பிள்ளைகளுக்குக் கொடுக்கும் முன் அவற்றை உருவி எடுங்கள்.

கூஸ் சுவையான பறவைதான். ஆனால் முதல் தடவைக்கு வேண்டாம் என்பேன். 5 கிலோ கூஸில் எலும்பும் கொழுப்பும் போக ஆறு பேருக்கு இழுத்துப் பறித்துத்தான் வரும். உருகும் கொழுப்பை நடுநடுவே வடித்து எடுக்காவிட்டால் ஓவன் புகையும், ஸ்மோக் அலாரம் அலறும். மாட்டிறைச்சி மனைவியால் விலக்கு. தலா இரண்டு கிலோவில் இரண்டு கோழி வாங்கி ரோஸ்ட் பண்ணினாலும் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். ஆங்கிலேயர் வீடுகளிலேயே அப்படிச் செய்பவர்கள் உண்டு. பிரியாணிக்கு வேறொரு நாள் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன். நாலு பர்னரும் ஒரு ஓவனும் உள்ள அடுப்படியில் ஒரே மதியத்தில் ரோஸ்டும் பிரியாணியும் வைத்தால் இரண்டும் அரைகுறையாகும்.

இனி வேலை. ஃப்ரோசன் வாங்கினால் ஃபிரிட்ஜுக்குள்தான் உருகவிட வேண்டும். கிலோவுக்கு 10 முதல் 12 மணி நேரம் ஆகும். 3 கிலோ கிரௌனை 22ஆம் தேதி இரவு 9 மணிக்கு ஃப்ரீசரிலிருந்து ஃபிரிட்ஜுக்கு மாற்றினால் 24 காலை 9 மணிக்குத் தயார். 5 கிலோ முழுப் பறவை என்றால் 21 இரவே மாற்ற வேண்டும். கீழ்த்தட்டில், விளிம்பு உயர்ந்த ட்ரேயில் வையுங்கள். சொட்டும் நீர் மற்ற சாப்பாட்டில் படக்கூடாது. பலரும் தவறுவது இங்கேதான். 24 இரவு எடுத்து வைத்துவிட்டு, மறுநாள் நடுவில் ஐஸ் கட்டியோடு ஓவனில் தள்ளுவார்கள். வெளியே கருகும், உள்ளே பச்சையாக இருக்கும்.

மஞ்சள் போட்டு நாலு தண்ணீரில் அலசுவது நம் கைப்பழக்கம். இங்கே அதை விட்டுவிடுங்கள். பச்சைக் கோழி, வான்கோழியில் கேம்பிலோபாக்டர் என்ற கிருமி இருக்கக்கூடும். குழாயடியில் அலசும்போது தெறிக்கும் துளிகள் சிங்க், பக்கத்துப் பாத்திரம், பச்சைக் காய் எல்லாவற்றிலும் விழும். கறியில் உள்ள கிருமி வேகும்போது செத்துவிடும். சிங்க்கில் விழுந்தது சாகாது. கிச்சன் பேப்பரால் ஒற்றித் துடைத்தால் போதும். முழுப் பறவையாக இருந்தால் வயிற்றுக்குள் கையை விட்டுப் பாருங்கள். ஈரலும் கழுத்தும் போட்ட சிறு பை அங்கே இருக்கலாம். அதை எடுக்காமல் ஓவனில் வைப்பது முதல் தடவைக்காரர்களுக்கு அடிக்கடி நேர்வது.

24 காலை கறி உருகியதும் கிலோவுக்கு ஒன்றரை டீஸ்பூன் உப்பு என்ற கணக்கில் மேலும் தோலுக்கு அடியிலும் தடவி, மூடாமல் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். ஒரு நாளில் உப்பு உள்ளே இறங்கும், சாறு ஓரளவு தங்கும், தோல் காய்ந்து பின்னால் மொறுமொறுப்பாகும். ஒரு எச்சரிக்கை: சில ஃப்ரோசன் பறவைகளில் ஏற்கெனவே உப்புநீர் ஏற்றியிருப்பார்கள். லேபிளில் சேர்மானத்தைப் படியுங்கள், உப்பு இருந்தால் நீங்கள் போட வேண்டாம்.

25ஆம் தேதி 100 கிராம் வெண்ணெயில் நசுக்கிய பூண்டு, மிளகு, தைம் இலை சேர்த்துப் பிசையுங்கள். நெஞ்சின் மேல்தோலுக்கும் கறிக்கும் நடுவே விரலை மெதுவாக நுழைத்தால் தோல் கிழியாமல் ஒரு பை போலப் பிரியும். வெண்ணெயை உள்ளே தள்ளி, மேலிருந்து தடவிப் பரத்துங்கள். நம் மசாலா வேண்டுமென்றால் அதையும் இந்த வெண்ணெயில் கலந்து தோலுக்கு அடியில்தான் வைக்க வேண்டும். மேலே பூசிய மிளகாய்த்தூள் இரண்டு மணி நேரச் சூட்டில் கருகிக் கசக்கும், ட்ரேயில் இறங்கும் சாறும் கசந்து கிரேவி கெட்டுவிடும். விருந்தாளிகளை எண்ணி, மிளகோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

ஓவன் 180 டிகிரி, ஃபேன் ஓவன் என்றால் 160, கேஸ் என்றால் 4ஆம் எண். 4 கிலோவுக்குக் கீழே கிலோவுக்கு 20 நிமிடமும் அதன் மேல் 70 நிமிடமும் என்று ஒரு கணக்கு உண்டு. 3 கிலோவுக்கு 130 நிமிடம். வேறு பொட்டலத்தில் வேறு கணக்கு இருக்கும், குழம்பாதீர்கள். இவை எல்லாமே உத்தேசம்தான். முடிவு சொல்வது தெர்மாமீட்டர். ஓர் இறைச்சித் தெர்மாமீட்டர் வாங்குங்கள். இந்தப் பதிலில் ஒன்றை மட்டும் கேட்பீர்கள் என்றால் இதைக் கேளுங்கள். கணக்குப்படி முடியும் நேரத்துக்கு அரை மணி முன்பிருந்தே, நெஞ்சின் மிகத் தடித்த இடத்தில், எலும்பில் முட்டாமல் குத்திப் பாருங்கள். 70 டிகிரி காட்டி இரண்டு நிமிடம் அப்படியே நின்றால் கிருமி போய்விட்டது என்று பொருள். அதற்கு மேல் ஓவனில் இருக்கும் ஒவ்வொரு பத்து நிமிடமும் சக்கையை நோக்கித்தான் போகும். முழுப் பறவை என்றால் தொடையும் உடம்பும் சேரும் இடத்திலும் குத்தி, அங்கே 75க்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். தொடக்கத்தில் ஃபாயிலால் தளர்வாக மூடி, கடைசி 40 நிமிடம் திறந்துவிட்டால் நிறம் பிடிக்கும். ஸ்டஃபிங் என்ற பூரணத்தை (ரொட்டித் தூள், வெங்காயம், மூலிகை சேர்த்தது) வயிற்றில் திணிக்காமல் தனி ட்ரேயில் வையுங்கள். உள்ளே திணித்தால் அது வேகும்வரை கறி காத்திருந்து காயும்.

இரண்டு மணிக்குச் சாப்பாடு என்று வையுங்கள். 'டின்னர்' என்றாலும் அன்று இங்கே பெரும்பாலும் மதியமே சாப்பிட்டுவிடுவார்கள். 3 மணிக்கு டிவியில் மன்னரின் கிறிஸ்துமஸ் உரை பார்க்கும் வீடுகள் அதற்கேற்ப மேசைக்கு வரும். 10.45க்குக் கிரௌன் உள்ளே, ஒரு மணியளவில் வெளியே. உடனே வெட்டாதீர்கள். ஃபாயில் போர்த்தி 45 நிமிடமாவது கிடக்கட்டும், சாறு கறிக்குள்ளேயே அடங்கும். அந்த நேரத்தில் ஓவன் உருளைக்கிழங்குக்கு. மாரிஸ் பைப்பர் வகையைத் தோல் சீவி, பெரிதாக வெட்டி, உப்பு நீரில் எட்டுப் பத்து நிமிடம் வேகவைத்து வடித்து, பாத்திரத்தோடு குலுக்கி விளிம்பைச் சொரசொரப்பாக்குங்கள். ஓவனை 220க்கு ஏற்றி (ஃபேன் என்றால் 200), ஏற்கெனவே சூடேறிய எண்ணெயில் போட்டு 50 நிமிடம். பிரஸ்ஸல்ஸ் ஸ்ப்ரவுட்ஸை (குட்டி முட்டைக்கோஸ் போன்ற காய்) ஐந்து நிமிடத்துக்கு மேல் வேகவிட்டால் கந்தக வாடை கிளம்பும். பாதியாக வெட்டிக் கடுகு, வரமிளகாய் தாளித்து வதக்கிவிடுங்கள்; ரோஸ்ட் பக்கத்தில் அது அழகாகப் பொருந்தும். ட்ரே சாற்றில் மிதக்கும் கொழுப்பை எடுத்துவிட்டு, இரண்டு மேசைக்கரண்டி மைதா வறுத்து, 600 மில்லி கோழி ஸ்டாக் ஊற்றிக் கொதிக்கவிட்டால் கிரேவி.

மனைவிக்காகக் கவனிக்க வேண்டியவை வான்கோழியைச் சுற்றித்தான் இருக்கின்றன. 'பிக்ஸ் இன் பிளாங்கெட்ஸ்' என்பது பேக்கன் சுற்றிய பன்றி சாசேஜ். ரெடிமேட் ஸ்டஃபிங் சிலவற்றில் பன்றிக்கறி இருக்கும். சேஜ் என்ற மூலிகை இலை, வெங்காயம் மட்டும் போட்ட பொட்டலம் பார்த்து எடுங்கள். ஃப்ரோசன் ரோஸ்ட் உருளைக்கிழங்கு சிலவற்றில் மாட்டுக் கொழுப்பு. கிறிஸ்துமஸ் புட்டிங்கிலும் (உலர்பழம் போட்டு அவித்த இனிப்பு) சில 'மின்ஸ் பை'களிலும் (உலர்பழம் அடைத்த சிறு பேஸ்ட்ரி) 'சூவெட்' என்ற மாட்டுக் கொழுப்பு இருக்கலாம். காய்கறி சூவெட் போட்டதும் கிடைக்கிறது, சைவம் என்று லேபிளில் இருக்கும். புட்டிங்கில் பெரும்பாலும் பிராந்தியும் உண்டு. புட்டிங் கொண்டுவருகிறேன் என்று பக்கத்து வீட்டார் சொன்னால், எது ஆகாது என்று இப்போதே சொல்லிவிடுங்கள். முன்கூட்டிச் சொன்னால் அதை இங்கே யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. மேசையில் உட்கார்ந்த பிறகு சொன்னால்தான் சங்கடப்படுவார்கள். நீங்களும் அவர்களுக்கு ஒவ்வாமை ஏதாவது உண்டா என்று கேளுங்கள்.

எல்லாவற்றையும் 24 மதியத்துக்குள் வாங்கி முடியுங்கள். இங்கிலாந்தில் 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் 25ஆம் தேதி திறக்கக் கூடாது என்று 2004ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. லண்டனில் அன்று பஸ்ஸும் ட்யூபும் ஓடாது. ஃபாயில் தீர்ந்துபோனால் மூலைக்கடை திறந்திருந்தால்தான் உண்டு.

மிஞ்சியதை மேசையிலேயே விட்டுவைக்காமல், ஓவனிலிருந்து எடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் ஆறவைத்து, எலும்பிலிருந்து உரித்து ஃபிரிட்ஜில் வையுங்கள். இரண்டு நாளுக்குள் சாப்பிடுங்கள், அல்லது ஃப்ரீசரில் போடுங்கள். 26ஆம் தேதி பிரியாணிக்கு இதுதான் கறி. ஆனால் மட்டன் போலத் தொடக்கத்திலேயே மசாலாவில் போட்டு வதக்கக் கூடாது. ஏற்கெனவே வெந்த நெஞ்சு மறுபடி வெந்தால் மரத்தூளாகும். எலும்பை ஒன்றரை மணி நேரம் கொதிக்கவிட்டு வடித்த தண்ணீரில் அரிசியை வேகவிட்டு, தம் போடும்போது கறியை நடுவில் அடுக்கி, மேலே சோற்றால் மூடுங்கள். 20 நிமிடத் தம்மில் கறி நன்றாகச் சூடேறிவிடும். நடுவில் தெர்மாமீட்டரைக் குத்தி 70 தாண்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பரிமாறுங்கள். ஒரு முறை சூடாக்கியதை மறுபடி எடுத்துவைக்காதீர்கள்.