தலவாக்கலைக் குளிரில் சீனி வருத்தம் உள்ள அம்மாவுக்கு என்ன கீரை நடலாம், கீரை மட்டும் சாப்பிட்டால் போதுமா?

அம்மாவுக்குச் சீனி வருத்தம், கிளினிக்கில் மாச்சத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டார்கள், இன்னும் கொழுந்து பறிக்கப் போகிறார், லயத்துக்குப் பின்னால் கொஞ்சம் நிலம் இருக்கிறது, அதில் என்ன கீரை வரும், சோற்றையும் ரொட்டியையும் விட்டுக் கீரையை மட்டும் சாப்பிட்டால் பசி தாங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தாங்காது. எனக்கும் சீனி இருக்கிறது, வட்டவளைப் பக்கம் வீடு, பல வருடமாக ரொட்டியைக் குறைத்துத்தான் சாப்பிடுகிறேன். கீரையில் மாச்சத்தும் அதிகம் இல்லை, உடம்பை இயக்குகிற சக்தியும் பெரிதாக இல்லை. அதோடு தேங்காய்ப்பூ, முட்டை, நெத்தலி, கருவாடு என்று ஏதாவது ஒன்று சேர்ந்தால்தான் அது ஒரு வேளைச் சாப்பாடு.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் மாத்திரை. அம்மா கிளிக்லசைட் மாதிரி மாத்திரை எடுக்கிறாரா, இன்சுலின் போடுகிறாரா என்று பாருங்கள். அவற்றை எடுத்துக்கொண்டு மாச்சத்தைத் திடீரென்று குறைத்தால் சீனி ஒரேயடியாக இறங்கி மயக்கம் வரும், அதுவும் கூடையைச் சுமந்துகொண்டு சரிவில் நிற்கும்போது வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். மெட்போமின் மட்டும் என்றால் அந்த ஆபத்து மிகக் குறைவு. எதுவானாலும் கிளினிக் கொப்பியை எடுத்துப் போய், இப்படிச் சாப்பிடப் போகிறோம், மருந்தின் அளவை மாற்ற வேண்டுமா என்று கேட்டுவிட்டே தொடங்குங்கள். வேலைக்குப் போகும்போது மடியில் கொஞ்சம் சீனியோ இனிப்போ கட்டாயம் இருக்க வேண்டும்.

சரி, சாப்பாட்டுக் கணக்கு. 100 கிராம் கோதுமை மாவில் 75 கிராம் அளவுக்கு மாச்சத்து இருக்கிறது, 100 கிராம் சோற்றில் 28 கிராம். அதே 100 கிராம் பச்சைக் கீரையில், வள்ளைக்கீரை என்கிற கங்குனோ ஸ்பினாச்சோ எதுவானாலும், மூன்று நான்கு கிராம்தான், அதிலும் பாதிக்கு மேல் நார். கோவாவில், அதாவது முட்டைக்கோசில், ஆறு கிராம் வரும். நம் ஆட்களுக்குச் சோற்றைவிட ரொட்டிதான் பெரிய பிரச்சினை என்று நான் உறுதியாக நினைக்கிறேன், காலையில் ரொட்டி, மலைக்குக் கட்டிக்கொண்டு போவதும் ரொட்டி, தொட்டுக்கொள்ள ஒரு சம்பல், குடிக்கச் சீனி போட்ட தேத்தண்ணி. அந்த ரொட்டியைப் பாதியாக்கி, பாதி இடத்தைக் கீரைச் சுண்டலும் அவித்த முட்டையும் பிடிக்கட்டும். முதல் மாதத்துக்கு அவ்வளவு போதும். மரக்கறி என்றாலே எவ்வளவும் சாப்பிடலாம் என்று நினைக்க வேண்டாம், உருளைக்கிழங்கு 17 கிராம், லீக்ஸ் 14 கிராம், கரட்டும் பீட்ரூட்டும் பத்துக்குக் கிட்ட. இலைக்கஞ்சியும் அப்படித்தான், வல்லாரை போட்டாலும் அதில் அரிசி இருக்கிறது, அதைக் கணக்கில் சேருங்கள்.

நடுவதைப் பற்றி. தலவாக்கலை உயரத்தில் பொன்னாங்காணியும் வல்லாரையும் நன்றாக வரும். பீட்ரூட்டை இலைக்காகவே நெருக்கி நடலாம், நோக்கோல் இலையும் முள்ளங்கி இலையும் சுண்டலுக்கு அருமையானவை, சந்தையில் கிள்ளி எறிவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். சலாது (லெட்டியூஸ்), கேல், ஸ்பினாச் எல்லாம் குளிரை விரும்புகிறவை. முளைக்கீரை வெயில் மாதங்களில் வரும். கங்குன், பசளி, முருங்கை, அகத்தி இவற்றுக்குச் சூடு வேண்டும், நாவலப்பிட்டி, கண்டி, பதுளை பக்கம் தளதளவென்று நிற்கிற கங்குன் நுவரெலியா, கந்தப்பளை உயரத்தில் வைத்தால் நட்ட அளவிலேயே நின்றுவிடும். அங்கே இருக்கும் சொந்தக்காரர்கள் கேட்டால் சலாது, கேல், பீட்ரூட் இலை என்று சொல்லுங்கள், ஜனவரி பெப்ரவரியில் விடியற்காலைப் பனி இலையைக் கருக்கிவிடும், இரவில் சாக்குப் போட்டு மூட வேண்டும்.

மண்தான் முக்கியம். லயத்துப் பின்பக்க மண் பெரும்பாலும் பழைய தேயிலை மண், புளிப்பு அதிகம். தேயிலைக்கு அது பிடிக்கும், கீரைக்குப் பிடிக்காது. விதை போட்டும் கீரை மஞ்சளாகக் குறுகி நின்றால் பலர் உரம் போதவில்லை என்று இன்னும் உரம் கொட்டுகிறார்கள், தேவைப்படுவது பெரும்பாலும் டொலமைட், மண்ணின் புளிப்பைக் குறைக்கிற சுண்ணாம்புக்கல் தூள். கவ்வாத்து வெட்டும் காலத்தில் தோட்டத்திலேயே தேயிலைக்கு டொலமைட் போடுவதை அம்மா பார்த்திருப்பார், அதே சாமான்தான். பாத்தியைக் கொத்தி, சதுர மீட்டருக்கு இரண்டு மூன்று பிடி தூவிக் கிளறி, இரண்டு வாரம் விட்டு அப்புறம் மக்கிய மாட்டெரு போடுங்கள். இரண்டையும் ஒரே நாளில் போட்டால் எருவில் உள்ள நைதரசன் காற்றோடு போய்விடும். அடுப்புச் சாம்பலும் புளிப்பைக் கொஞ்சம் குறைக்கும். கோவா, நோக்கோல், முள்ளங்கி எல்லாம் ஒரே இனம், ஒரே பாத்தியில் திரும்பத் திரும்ப நட்டால் வேர் முடிச்சு முடிச்சாக வீங்கிச் செடி வாடும் நோய் வரும், அந்த நோய்க்கும் புளிப்பு மண்தான் வசதி. அதனால் பாத்தியை மாற்றிக்கொண்டே இருங்கள்.

உங்கள் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கு மழை. பாத்தியை ஒரு முழம் உயர்த்தி இரண்டு பக்கமும் கான் வெட்டாவிட்டால் சலாதும் ஸ்பினாச்சும் அழுகிவிடும், வல்லாரை மட்டும் சந்தோஷமாக இருக்கும். பண்டாரவளை, பதுளைப் பக்கத்தில் கணக்கு மாறும், அங்கே மழை ஒக்டோபருக்குப் பிறகு, ஜூலை ஆகஸ்டில் தண்ணீர் ஊற்ற வேண்டும். நத்தைக்கு மருந்து தேடாதீர்கள், இரவில் டோர்ச் அடித்துப் பொறுக்கிவிடுங்கள்.

ஒன்றை மிகவும் அழுத்திச் சொல்கிறேன். தேயிலை மலைக்குள் தானாக முளைக்கும் கீரையைப் பறித்து வரும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது, எந்த மலையில் எப்போது களைக்கு மருந்து அடித்தார்கள் என்று தெரியாமல் அதைச் சமைக்க வேண்டாம். கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை 2015 இல் தடை செய்து 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் திரும்ப அனுமதித்தார்கள், அது அடித்த இலை வாடுவதற்குச் சில நாள் எடுக்கும், அதுவரை பார்க்கப் பச்சையாகத்தான் இருக்கும். லயத்துக் கழிவுநீர் ஓடும் கானோரத்து வல்லாரையையும் தொடாதீர்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே வீட்டுக்குப் பின்னால் சின்னப் பாத்தி இருப்பது பெரிய விஷயம்.

சமைக்கும்போது கொழுப்புக்குப் பயப்படாதீர்கள், கீரையில் உள்ள உயிர்ச்சத்து ஏயும் கேயும் எண்ணெயோ தேங்காயோ இருந்தால்தான் உடம்பில் சேரும். பொடியாக அரிந்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், மஞ்சள், தேங்காய்ப்பூ, விருப்பமானால் கொஞ்சம் மாசிக் கருவாடு போட்டு, சட்டி சூட்டில் இரண்டு புரட்டுப் புரட்டி இறக்கி, இறக்கிய பிறகு தேசிக்காய் பிழியுங்கள். கோவாவை மிகப் பொடியாக அரிந்து ஆவியில் வேகவைத்தால் கறி ஊற்றிச் சாப்பிட சோற்றுக்குப் பதிலாக இருக்கும், முதலில் பாதிச் சோறு பாதிக் கோவா என்று கலந்து கொடுங்கள், அம்மா மறுக்க மாட்டார். இரவுக்கு பீட்ரூட் இலையை வதக்கி இரண்டு முட்டை உடைத்து ஊற்றினால் போதும். தேசிக்காய் சேர்ப்பதால் கீரையின் இரும்புச் சத்தும் நன்றாகச் சேரும், சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடித்தால் அதே இரும்புச் சத்து சேராமல் போகும். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கச் சொல்லுங்கள், நம் பெண்களுக்கு ஏற்கெனவே இரத்தம் குறைவு.

அம்மாவுக்குச் சிறுநீரகத்தில் கல் வந்திருந்தால் ஸ்பினாச்சும் பீட்ரூட் இலையும் வேண்டாம், அல்லது அவித்த தண்ணீரை ஊற்றிவிட்டுக் கொஞ்சமாகச் சாப்பிடட்டும். சிறுநீரகம் பழுதென்று சொல்லியிருந்தாலோ, இரத்தம் உறையாமல் இருக்க வார்பரின் எடுத்தாலோ கீரையைக் கூட்டும் முன் டாக்டரிடம் கேட்க வேண்டும்.

பொன்னாங்காணியில் தொடங்குங்கள், விதையே வேண்டாம். சந்தையில் வாங்கும் கட்டில் முற்றிய தண்டுகள் சிலவற்றை ஒதுக்கி, இலையைக் கறிக்கு எடுத்துவிட்டு, இரண்டு கணு மண்ணுக்குள் போகிற மாதிரி சாய்த்து நட்டால் வேர் பிடித்துவிடும், ஒரு மாதம் கழிந்ததும் நுனியை வெட்டத் தொடங்கலாம், வெட்ட வெட்டத்தான் கிளைக்கும்.