லேஸ் விழாவுக்குப் போகும் முன்: கடற்கரை வாசகிகளின் கேள்விகளும் எங்கள் பதில்களும்

ஐரோப்பாவில் நடக்கும் பன்னாட்டு லேஸ் திருவிழாக்களுக்குக் குழுவாகப் போக ஆசைப்படும் இராமநாதபுரம் கடற்கரை வாசகிகள் அனுப்பிய கேள்விகளில், பலருக்கும் பயன்படக்கூடியவற்றை இங்கே எடுத்துக்கொண்டோம்.

நாங்கள் ஆறு பேர். ஐந்து பேர் குரோஷா போடுவோம். ஒருவர் மட்டும் நாகர்கோவில் பக்கம் பாபின் லேஸ் கற்றவர். எந்த விழாவுக்குப் போகலாம்?
– வாசகி, பாம்பன்

ஐரோப்பிய விழாக்களில் முதலிடம் பாபின் லேஸுக்கும் ஊசி லேஸுக்கும்தான். பாபின் என்னும் சிறு மரக்குச்சிகளில் சுற்றிய நூல்களை ஒரு தலையணைமேல் வைத்துப் பின்னுவது பாபின் லேஸ். தையல் ஊசியும் நூலும் கொண்டு செய்வது ஊசி லேஸ். குரோஷா ஓரமாகத்தான் இருக்கும். ஆகவே நீங்கள் ஐந்து பேரும் கிளம்பும் முன் பாபினைக் கையில் எடுத்துப் பழகிவிட வேண்டும். உங்கள் தோழியே ஆசிரியராக இருக்கலாம். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மார்த்தா மால்ட் நாகர்கோவில் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்த வேலை அது. அவருடைய மகளும் கால்டுவெல்லின் மனைவியுமான எலைசா அதை இடையன்குடிக்குக் கொண்டுபோனார்.

முதல் பயணத்துக்கு நாங்கள் சொல்வது ஸ்லோவேனியாவின் இட்ரியா. விழா ஜூன் மாதத்தில் நடக்கும். பாதரசச் சுரங்கம் இருந்த சிற்றூர் அது. சுரங்கத் தொழிலாளர் வீட்டுப் பெண்கள் லேஸ் பின்னித்தான் குடும்பத்துக்குக் கைகொடுத்தார்கள். 1876இல் தொடங்கிய லேஸ் பள்ளி இன்றும் நடக்கிறது. ஸ்லோவேனியாவின் பாபின் லேஸ் 2018இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. உங்கள் குழுவுக்கு இந்த ஊர் பொருந்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இட்ரியா லேஸில் சில ஜோடி பாபின்களால் ஒரு குறுகிய பட்டையைப் பின்னி, அதை வளைத்து வளைத்துக் கொண்டுபோவார்கள். பட்டை தன்னையே தொடும் இடத்தில் மெல்லிய குரோஷா ஊசியால் நூலை இழுத்து இணைப்பார்கள். புதிதாகக் கற்பவர் தடுமாறுவது அந்த இணைப்பில்தான். குரோஷா பழகிய கைக்கு அது எளிதில் வந்துவிடும்.

செப்டம்பரில்தான் வசதி என்றால் குரோஷியாவின் லெபோக்ளாவா. அந்த நாட்டில் லெபோக்ளாவாவின் பாபின் லேஸ், பாக் தீவின் ஊசி லேஸ், ஹ்வார் தீவில் கன்னியாஸ்திரீகள் கற்றாழை நாரில் செய்யும் லேஸ் என்று மூன்றையும் சேர்த்து 2009இல் யுனெஸ்கோ பட்டியலிட்டது. பன்னாட்டு லேஸ் அமைப்பான ஓய்ட்ஃபாவின் மாநாடு இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை ஊர் மாற்றி நடத்தப்படுவது (2016இல் லூப்லியானா, 2018இல் ப்ரூஜ்). அங்கே உரைகளும் முன்பதிவு வகுப்புகளும்தான் முக்கியம். அதை இரண்டாவது பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

விழாவுக்கு எட்டு மாதம் இருக்கிறது. பாபின் லேஸ் தொடங்க என்னென்ன சாமான் வேண்டும்? இங்கேயே செய்துகொள்ள முடியுமா?
– வாசகி, தங்கச்சிமடம்

பெரும்பாலும் முடியும். லேஸை வைத்துப் பின்னும் தலையணைக்கு 40 செ.மீ. விட்டமும் 5 முதல் 6 செ.மீ. கனமும் உள்ள அடர்ந்த பாலிஎத்திலீன் நுரை வேண்டும். இயந்திரப் பாகங்களைப் பொதிய வைக்கிறார்களே, அந்தக் கெட்டி நுரை. சோபாவுக்குப் போடும் பஞ்சு நுரையில் ஊசி ஆடும். தெர்மோகோலில் துளை பெரிதாகி, சில வாரங்களில் ஊசி நிற்காமல் சாயும். மேலே அடர்நிறப் பருத்தித் துணியை இழுத்துக் கட்டுங்கள். மொசுமொசுப்பான துணி வேண்டாம், அதன் இழை லேஸுக்குள் ஏறிவிடும்.

பாபின் 10 முதல் 12 செ.மீ. நீள மரக்குச்சி, தலைப்பக்கம் நூல் சுற்றக் கழுத்து. கடைசல்காரரிடம் ஒரு மாதிரியைக் கொடுத்தால் செய்து தருவார். எல்லாம் ஒரே எடையில் இருக்க வேண்டும் என்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள். எடை மாறினால் இழுவை மாறும், ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் தொய்யும். ஆளுக்கு 12 ஜோடி போதும். பட்டை லேஸுக்கு 6 முதல் 8 ஜோடியும், சாதாரணப் புத்தகக்குறிக்கு 10 முதல் 12 ஜோடியும் ஆகும்.

ஒரு ஜோடிக்கு 3 மீட்டர் நூலை வெட்டி, இரு முனையிலிருந்தும் பாதிப் பாதி சுற்றுங்கள். எல்லாப் பாபினையும் ஒரே திசையில் சுற்ற வேண்டும். திசை மாறினால் வேலை செய்யச் செய்யச் சில நூல்களின் முறுக்கு அவிழ்ந்து, பஞ்சுபோல் பிரிந்து அறுந்துவிடும். சுற்றி முடித்ததும் தலையில் ஒரு அரைமுடிச்சு போட்டால் நூல் தானாக இறங்காது.

அசைவு இரண்டே இரண்டு. நான்கு பாபின்களில் நடுவிலுள்ள இரண்டை எடுத்து, இடப்பக்கத்ததை வலப்பக்கத்ததின் மேல் போட்டால் குறுக்கு. ஒவ்வொரு ஜோடியிலும் வலப்பக்கத்ததை இடப்பக்கத்ததின் மேல் போட்டால் முறுக்கு. குறுக்கு, முறுக்கு, குறுக்கு என்று செய்தால் துணிபோல் அடர்ந்த பின்னல். குறுக்கு, முறுக்கோடு நிறுத்தினால் திறந்த அரைப்பின்னல். வகுப்பில் உட்காரும் முன் இந்த இரண்டும் யோசிக்காமல் கைக்கு வர வேண்டும். வகுப்பு சில மணி நேரம்தான், அதில் பாதியை அடிப்படைக்குச் செலவழித்தால் அந்த ஊருக்கே உரியதைக் கற்க நேரமிருக்காது.

நூலின் பருமனும் வடிவத்தாளின் (ஊசி குத்த வேண்டிய துளைகளைக் குறித்த தாள்) அளவும் பொருந்தாததுதான் புதியவர்களின் வேலை கெடப் பெரிய காரணம். டார்ஷன் என்னும் எளிய கட்ட லேஸுக்கு ஒரு சோதனை இருக்கிறது. நூலை ஒரு பென்சிலில் நெருக்கமாக 12 சுற்று சுற்றுங்கள். அதன் அகலம், தாளில் ஓரத்து ஊசித்துளைகள் இரண்டுக்கு நடுவிலுள்ள தூரத்துக்குச் சமமாக இருந்தால் நூல் சரி. அதிகமானால் லேஸ் அட்டைபோல் விறைக்கும், குறைந்தால் தலையணையிலிருந்து எடுத்ததும் துவண்டுபோகும்.

ஊசிகளில் கவனம் வையுங்கள். நம் பக்கத்து உப்புக் காற்றில் இரும்புக் குண்டூசி சீக்கிரமே துருப்பிடிக்கும். துருக்கறை நூலில் ஏறினால் வெளுக்கப் போட்டாலும் போகாது. துருப்பிடிக்காத எஃகு ஊசியோ நிக்கல் பூசிய பித்தளை ஊசியோ 200 வாங்குங்கள். பாதி வேலையை நாள்கணக்கில் விட்டுவைப்பதாக இருந்தால் தலையணையைத் துணியால் மூடி, நெகிழிப் பைக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு வையுங்கள். ஓரத்து ஊசிகளைச் சற்று வெளிப்பக்கமும் பின்பக்கமும் சாய்த்துக் குத்த வேண்டும். பின்னி முடித்த இடத்தில் 4, 5 செ.மீ. நீளத்துக்கு ஊசிகள் நிற்கட்டும். அவசரப்பட்டு உருவினால் அடுத்த இழுவையில் ஓரம் உள்ளே சுருங்கும்.

எங்கள் வீட்டில் கையால் வலை பின்னுவார்கள். லேஸுக்கும் வலைக்கும் தொடர்பு உண்டா?
– வாசகி, மண்டபம்

நேரடித் தொடர்பே உண்டு. வலையின் கண்களை நூலால் நிரப்பி உருவம் கொண்டுவரும் ஃபிலே லேஸின் அடித்தளம் முடிச்சு வலைதான். மீன்வலையில் கண்ணைக் கட்டும் அதே முடிச்சு, அதே வகை ஊசி, கண்களை ஒரே அளவாக்கும் அதே அளவுக்கட்டை. எல்லாம் சிறியதாகிவிடும், அவ்வளவே. போர்ச்சுகலின் மீன்பிடி ஊரான பெனிஷியில் பாபின் லேஸ் பெயர்பெற்றது. 'வலை இருக்கும் இடத்தில் லேஸும் இருக்கும்' என்பது அந்தக் கரையின் வழக்கு.

செய்து பார்க்க 4 மி.மீ. பருமனுள்ள உருண்டைக் குச்சியை அளவுக்கட்டையாக எடுங்கள். கண்ணின் ஒரு பக்கம் சுமார் 6 மி.மீ. வரும். சதுர வலைக்கு மூலையில் இரண்டு கண்ணோடு தொடங்கி, ஒவ்வொரு வரிசையின் கடைசிக் கண்ணிலும் இரண்டு முடிச்சுப் போட்டுக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். வேண்டிய அகலம் வந்ததும் வரிசைக் கடைசியில் இரண்டு கண்ணைச் சேர்த்து முடிந்து குறைக்க வேண்டும். பிறகு கம்பிச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, கண்களுக்குள் மேலும் கீழுமாக நூலோட்டி உருவங்களை நிரப்புவார்கள். நைலான் நூல் இதற்கு உதவாது. வழுக்கி முடிச்சு நகரும், சதுரம் கோணும். முறுக்கு ஏறிய பருத்தி நூலோ லினன் நூலோ எடுங்கள். விழாவில் உங்கள் ஊர் வலை ஊசியை மேசையில் வைத்து ஒரு சதுரம் பின்னிக் காட்டுங்கள். மொழி தெரியாதவர்களும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். எங்கள் கருத்தில், இந்தக் கடற்கரையிலிருந்து போகிறவர்கள் கொண்டுபோகக்கூடிய மிகச் சிறந்த அறிமுகம் இதுதான்.

குழுவுக்கெல்லாம் ஒரே விசா வாங்க முடியுமா? எப்போது விண்ணப்பிக்க வேண்டும்?
– வாசகி, கீழக்கரை

முடியாது. ஆளுக்கு ஒரு விண்ணப்பம், ஆளுக்கு ஒரு கைரேகைப் பதிவு. ஸ்லோவேனியா, இத்தாலி, குரோஷியா மூன்றும் ஷெங்கன் பகுதிக்குள் இருப்பவை (குரோஷியா 2023 ஜனவரியில் சேர்ந்தது). ஆகவே ஒரே விசாவில் மூன்றுக்கும் போகலாம். எந்த நாட்டில் அதிக இரவுகள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் கேட்க வேண்டும். இரவுகள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. வெனிஸில் நான்கு இரவு, இட்ரியாவில் மூன்று இரவு என்று எழுதிவிட்டு ஸ்லோவேனியாவிடம் விண்ணப்பித்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து 15 நாள் முன்புவரை விண்ணப்பிக்கலாம். முடிவு வர வழக்கமாக 15 நாள், சில சமயம் 45 நாள் வரை ஆகும். கோடைக்காலத்தில் விண்ணப்ப மையத்தில் நாள் கிடைப்பதே கடினம், எனவே ஜூன் பயணத்துக்குப் பிப்ரவரியிலேயே நாள் குறித்துவிடுங்கள். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, சேவைக் கட்டணம் தனி. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். பாஸ்போர்ட் திரும்பும் தேதிக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும், இரண்டு பக்கமாவது காலியாக இருக்க வேண்டும்.

வீட்டில் இருக்கும் பெண்களிடம் சொந்த வருமானச் சான்று இல்லை என்பதால் தயங்க வேண்டாம். கணவரோ மகனோ செலவை ஏற்பதாகக் கையெழுத்திட்ட கடிதம், அவருடைய வங்கிக் கணக்கு விவரம், வருமான வரித் தாக்கல், உறவைக் காட்டும் சான்று ஆகியவற்றை இணைத்தால் போதும். விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் கணக்கில் திடீரென்று பெருந்தொகை போடாதீர்கள், சந்தேகம் வரும். இன்ஷியல் விஷயத்திலும் கவனம் வேண்டும். பாஸ்போர்ட்டில் விரித்து எழுதிய பெயர் எப்படியோ, டிக்கெட்டிலும் காப்பீட்டிலும் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்க வேண்டும்.

வலை, மீன், கடல்பாசி வேலை செய்யும் கைகளில் ரேகை தேய்ந்திருக்கும், இயந்திரம் ஏற்காமல் திரும்பத் திரும்ப வைக்கச் சொல்வார்கள். பத்து நாள் முன்பிருந்தே இரவில் கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவி வாருங்கள். அன்றைக்குக் காலையில் மட்டும் எண்ணெய்ப் பசை இல்லாமல் கழுவித் துடைத்துவிட்டுப் போங்கள்.

எந்த வழியாகப் போவது நல்லது?
– வாசகி, இராமநாதபுரம்

வெனிஸில் இறங்குங்கள். பக்கத்தில் புரானோ தீவு. அதுவும் மீனவர் தீவு, ஊசி லேஸுக்குப் பெயர்போனது. 1872இல் தொடங்கிய பழைய லேஸ் பள்ளிக் கட்டடத்தில் இப்போது அருங்காட்சியகம் இருக்கிறது. இரண்டு இரவு தங்கிவிட்டுப் பேருந்தில் லூப்லியானா, அங்கிருந்து இன்னொரு பேருந்தில் இட்ரியா. இட்ரியாவுக்கு ரயில் கிடையாது.

விமான டிக்கெட் முழுவதும் ஒரே பதிவு எண்ணில் இருக்கட்டும். மதுரையிலிருந்து துபாய்க்கு ஒன்று, அங்கிருந்து வெனிஸுக்கு வேறொன்று என்று பிரித்து வாங்கினால், முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிடும்போது பணம் திரும்ப வராது. சென்னையிலிருந்து புறப்படுவதானால் முந்தின நாள் இரவு ரயிலை நம்பாதீர்கள். ஒரு நாள் முன்னதாகவே போய்த் தங்கிவிடுங்கள்.

கத்திரிக்கோல், ஊசி, சாப்பாடு, பரிசுப் பொருள்… எதை எடுத்துப் போகலாம்?
– வாசகி, தொண்டி

கத்திரிக்கோல், குண்டூசி, குரோஷா ஊசி எல்லாம் ஏற்றிவிடும் பெட்டியில் போகட்டும். தொடங்கிய வேலையை எடுத்துப்போக வேண்டாம். பாபின்களைச் சுருட்டுத் துணியில் ஜோடி ஜோடியாகக் கட்டுங்கள். வைக்கோல் அடைத்த தலையணையைத் தவிர்த்துவிடுங்கள், வைக்கோலைப் பார்த்தால் சுங்கத்தில் நிறுத்துவார்கள். நுரைத் தலையணை என்றால் வம்பில்லை.

பாலோ இறைச்சியோ கலந்த எதுவும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் போகாது. பால்கோவா, நெய், பேடா எல்லாவற்றுக்கும் தடை. பச்சைக் கறிவேப்பிலையும் தாவர நலச் சான்று இல்லாமல் கூடாது. பொடிகளும் ஊறுகாயும் போகும். கருவாடு போகும் என்றால் பலர் நம்புவதில்லை. தன் சாப்பாட்டுக்காக ஆளுக்கு 20 கிலோ வரை மீனோ கருவாடோ அனுமதி உண்டு. நன்றாகக் காய்ந்ததைக் காற்று நீக்கிய பையில் இரண்டு அடுக்காக அடையுங்கள், இல்லாவிட்டால் நூலெல்லாம் வாடை ஏறும்.

பரிசுக்குப் பவளம், கடல்குதிரை வேண்டவே வேண்டாம். மன்னார் வளைகுடாவின் இந்த உயிரினங்கள் நம் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவை. கடையில் காசு கொடுத்து வாங்கியிருந்தாலும் பிடிபட்டால் வழக்கு. இன்ன வகை என்று தெரியாத சிப்பியையும் விட்டுவிடுங்கள். இங்கிலாந்துப் பாபின்களின் நுனியில் எடைக்காக மணி கோப்பார்கள். அதற்குக் கண்ணாடி மணிகளைக் கொடுத்தால் லேஸ்காரர்கள் மகிழ்ந்து வாங்கிக்கொள்வார்கள்.

நாங்கள் செய்ததை அங்கே விற்கலாமா? வடிவத்தாள்களைப் படம் பிடிக்கலாமா?
– வாசகி, இராமேஸ்வரம்

சுற்றுலா விசாவில் விற்பனை கூடாது. கடை போட விரும்பினால் விழாக் குழுவிடம் முன்கூட்டியே எழுதிக் கேட்டு, அவர்கள் சொல்லும் விசாவைப் பெற வேண்டும். காட்சிக்கு மட்டும் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவரும் பொருள்களுக்கு ஏடிஏ கார்னெட் என்ற சுங்க ஆவணம் உண்டு, நம் நாட்டில் அதை ஃபிக்கி என்னும் வணிகர், தொழில் கூட்டமைப்பு வழங்குகிறது. நான்கைந்து மாதிரிகளைப் பையில் வைத்துக் காட்டுவதற்கு இவ்வளவும் தேவையில்லை.

வடிவத்தாள் அதை வரைந்தவரின் உடைமை. கண்காட்சியில் லேஸைப் படம் எடுக்கும் முன் கேளுங்கள். விற்பனைக்கு இருக்கும் தாளைப் படம் எடுக்கவே கூடாது. ஆறு பேருக்கும் வேண்டும் என்றால் ஆறு தாள் வாங்குங்கள். ஒன்றை வாங்கி ஊருக்கு வந்து நகலெடுப்பது வரைந்தவருக்குச் சேர வேண்டிய காசை எடுத்துக்கொள்வதாகும். வகுப்பில் கொடுத்த தாளை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் பயன்படுத்தலாமா என்று ஆசிரியரிடம் அங்கேயே கேட்டு, அவர் கையால் ஒரு வரி எழுதி வாங்கிவிடுங்கள்.