கடமையில் தவறியதாலும் – ஒரு கடிதமும் பதிலும்

அண்ணா வணக்கம்,

அமெரிக்காவுல போஸ்டன் கர்தினாலா (பாப்பரசருக்கு அடுத்த படி) இருந்த பெர்னார்ட் லா, சின்ன பசங்கள கெடுத்த குருவ கோயில் மாத்தி மூடி மறைச்சாருன்னு நீங்க போன வாரம் எழுதினத படிச்சேன். ரெண்டு நாளா மனசு சரியில்ல. அவரு இளம் குருவா மிசிசிப்பில இருந்தப்ப கறுப்பின மக்களுக்காக எழுதினவரு, கொலை மிரட்டலே வந்துச்சு, அத ஒரு வரில தாண்டிட்டீங்க. அவரு எந்த புள்ளையையும் தொடல. மன்னிப்பு கேட்டாரு, ராஜினாமாவும் பண்ணாரு. செத்துப்போன மனுஷன இன்னும் எதுக்கு தோண்டணும்? மன்னிக்கறதுதானே நம்ம வேதம்? எங்க பெரியப்பா நாப்பது வருஷமா குருவானவரா இருக்காரு, இப்படி எழுதினா அவர மாதிரி நல்லவங்களயும் ஜனங்க சந்தேகமா பாக்க ஆரம்பிச்சிடுவாங்க.

(பெயர் போட வேண்டாம்னு கேட்டிருக்கார்)

அன்புள்ள தம்பி,

மிசிசிப்பிய ஒரு வரில தாண்டினது தப்புதான், ஒத்துக்கறேன். ஹார்வர்ட்ல படிச்சுட்டு 1961ல குருப்பட்டம் வாங்கி அங்க போனவரு, மறைமாவட்ட பத்திரிகைக்கு ஆசிரியரா இருந்துகிட்டு இனவெறிக்கு எதிரா எழுதினாரு, அந்த காலத்துல அந்த ஊர்ல அது உயிர் போற வேல. ஆனா எனக்கு அதனாலயேதான் வருத்தம் கூடுது. நாதியத்தவங்க பக்கம் நிக்க அவருக்கு தெரியாம இல்ல. அடிக்கிற கை சொந்த வீட்டு கையா இருந்தப்பதான் நிக்கல.

1984ல போஸ்டனுக்கு பேராயரா வராரு, மறுவருஷம் கர்தினால். அவரு வந்த வருஷமே ஜான் கேகன்ங்கற குரு சின்ன பசங்கள்ட்ட தப்பா நடக்கறாருன்னு புகார் வருது, அது முதல் புகாரும் இல்ல, முன்னாடி இருந்தவர் காலத்துலயே ஒரு குடும்பத்துல ஏழு பசங்க பாதிக்கப்பட்டு லெட்டர் வந்திருக்கு. கேகன இருந்த பங்குல (ஒரு கோயிலும் அத சேந்த மக்களும்) இருந்து எடுக்கறாங்க. எடுத்துட்டு கொஞ்ச நாள்லயே வெஸ்டன்ங்கற ஊர்ல புனித ஜூலியா பங்குக்கு போடறாங்க. அங்க பூசைல உதவுற பீடச்சிறுவர்கள பாத்துக்கற பொறுப்பும் அவருக்கே.

இந்த இடத்துல நீங்க கொஞ்சம் நிக்கணும் தம்பி. அந்த டிசம்பர்ல துணை ஆயர் ஜான் டார்சி லாவுக்கு ஒரு லெட்டர் எழுதறாரு. இந்த ஆளுக்கு பசங்க விஷயத்துல பழைய கத இருக்கு, இவர இந்த பங்குல போட்டது சரியான்னு யோசிங்கன்னு கேக்கறாரு. எழுதினது பத்திரிகைக்காரன் இல்ல, சபைக்கு விரோதி இல்ல, கூடவே பூசை வைக்கிற இன்னொரு ஆயர். அந்த லெட்டர் ஃபைலுக்குள்ள போச்சு. டார்சி மறுவருஷம் இந்தியானாவுக்கு ஆயரா போயிட்டாரு. கேகன் வெஸ்டன்லயே இருந்தாரு, 1989ல சிகிச்சைக்குன்னு அனுப்பி திரும்ப அதே பங்குக்கே கூட்டிட்டு வந்தாங்க, 1993 வரைக்கும் அங்கதான். டாக்டர்ங்க சரின்னு சொன்னாங்கன்னு பின்னால காரணம் சொன்னாங்க, ஆனா பங்கு மக்கள்ட்ட ஒரு வார்த்த சொல்லல, புள்ளைய அனுப்புற தாய் தகப்பனுக்கு எதுவுமே தெரியாது. கடைசில கேகன் மேல மட்டும் 130 பேருக்கு மேல புகார் குடுத்தாங்க.

அந்த லெட்டரெல்லாம் எப்படி வெளிய வந்துச்சு? கர்தினாலா எடுத்து வைக்கல. போஸ்டன் குளோப் பத்திரிக கோர்ட்டுக்கு போயி, நீதிபதி கான்ஸ்டன்ஸ் ஸ்வீனி உத்தரவு போட்டதால வந்துச்சு. 2002 ஜனவரில செய்தி வந்தது, அவரு ராஜினாமா பண்ணது டிசம்பர் 13. நடுவுல ஏறக்குறைய ஒரு வருஷம். அதான் நீங்க சொல்ற ராஜினாமா.

அவரு தொடலன்னு சொன்னீங்கள்ல. பூசைல பாவ மன்னிப்பு வழிபாட்டுல நாம என்ன சொல்றோம், சிந்தனையாலும் சொல்லாலும் செயலாலும் கடமையில் தவறியதாலும்னு சொல்றோம். எங்க ஆச்சி அந்த இடத்துல நெஞ்சுல குத்திக்கிற சத்தம் பின் பெஞ்சுக்கு கேக்கும். சின்ன வயசுல ஆச்சிகிட்ட கேட்டிருக்கேன், ஒண்ணுமே செய்யாம இருந்தா அது எப்படி ஆச்சி பாவம்னு. கெணத்துப்பக்கம் புள்ள தவழ்ந்து போறத பாத்துட்டு சும்மா ஒக்காந்திருந்தா அது என்னலேன்னு கேட்டா. அவ பள்ளிக்கூடம் போகாதவ. அதே செபத்துல எல்லாம் வல்ல இறைவனிடமும்னு சொன்ன கையோட சகோதர சகோதரிகளே உங்களிடமும்னு வருதே, ரோம்ல மட்டும் கணக்கு குடுத்தா போதும்னு அதுல எங்க இருக்கு?

அப்புறம் மன்னிப்பு. மன்னிக்க உரிம உள்ளவங்க போஸ்டன்ல இருக்காங்க, 2003ல 8.5 கோடி டாலர் நஷ்டஈட்டுல கையெழுத்து போட்ட 552 பேரு. அவங்க சார்பா தூத்துக்குடில இருந்து நானோ நீங்களோ மன்னிச்சுட முடியாது. அந்த மாநில அட்டர்னி ஜெனரல் அதே வருஷம் குடுத்த அறிக்கைல அறுபது வருஷத்துல பாதிக்கப்பட்ட புள்ளைங்க ஆயிரத்துக்கு மேல இருக்கலாம்னு சொன்னாரு, ஆனா மூடி மறைச்சதுக்கு ஆயர்கள் மேல கேஸ் போட அப்ப இருந்த சட்டத்துல வழியில்லன்னுட்டாரு. சட்டம் விட்டத சபையாவது புடிச்சிருக்கணும்.

சபை என்ன பண்ணுச்சு தெரியுமா, 2004ல அவர ரோம்ல மரியா மஜோரே பேராலயத்துக்கு தலைமை குருவா போட்டுச்சு. அது யாரு கோயில் தம்பி? நம்ம பனிமய மாதாவோட தாய்க்கோயில். ஆகஸ்ட் 5 ஆனா நாம இங்க திருவிழா கொண்டாடறோமே, வெயில்ல பனி பெஞ்ச கத சொல்றோமே, அந்த பனி பெஞ்ச குன்று அதுதான். இத முதல்ல படிச்சப்ப நான் ரொம்ப நேரம் எழுந்திரிக்கல. 2011 வரைக்கும் அங்க இருந்தாரு, நடுவுல 2005ல பாப்பரச தேர்ந்தெடுக்கற கூட்டத்துலயும் ஓட்டு போட்டாரு, 2017 டிசம்பர்ல செத்தப்ப அடக்க பூசை புனித பேதுரு பேராலயத்துல நடந்துச்சு.

இப்ப மாறிடுச்சுன்னு சொல்வீங்க. கொஞ்சம் மாறியிருக்கு. 2002ல அமெரிக்க ஆயர்கள் போட்ட விதி குருக்களுக்குத்தான் பொருந்துச்சு, ஆயர்களுக்கு இல்ல. 2019ல பாப்பரசர் பிரான்சிஸ் போட்ட சட்டத்துலதான் மூடி மறைக்கற ஆயரயும் விசாரிக்கலாம்னு வந்துச்சு, ஆனா அதுலயும் ஆயர விசாரிக்கறது பொதுவா இன்னொரு பேராயர்தான். நம்மூர் கதையும் இருக்கு. உதகை மறைமாவட்ட குரு ஒருத்தர் அமெரிக்காவுல மினசோட்டால ஒரு சிறுமிகிட்ட தப்பா நடந்தத 2015ல கோர்ட்ல ஒத்துக்கிட்டு ஊருக்கு திருப்பி அனுப்பப்பட்டாரு, மறுவருஷமே ரோம்கிட்ட கலந்து பேசி, அவரு குருவா வேல செய்ய இருந்த தடைய நீக்கிட்டாங்க. இந்தியால போக்சோ சட்டம் 19வது பிரிவுப்படி விஷயம் தெரிஞ்ச எவரும் போலீசுக்கு சொல்லியே ஆகணும், அங்கி போட்டவங்களுக்கு அதுல விலக்கு இல்ல.

உங்க பெரியப்பா மாதிரி குருக்கள நெனச்சுதான் இதயும் சொல்றேன். 2002 டிசம்பர்ல போஸ்டன் குருக்கள் 58 பேரு சேந்து, நீங்க பதவி விலகுங்கன்னு தன்னோட கர்தினாலுக்கே லெட்டர் எழுதி கையெழுத்து போட்டாங்க. கீழ்ப்படிவேன்னு வார்த்தப்பாடு குடுத்தவங்க அவங்க. அந்த வாரமே அவரு விலகினாரு. பெரியப்பாவ பாக்கும்போது அந்த 58 பேரப்பத்தியும் டார்சி லெட்டர பத்தியும் கேளுங்க, அவரு அந்த எடத்துல இருந்தா கையெழுத்து போட்டிருப்பாரான்னு. என்ன சொன்னாருன்னு எனக்கு எழுதுங்க.

அன்புடன்
அண்ணன்