ரயில் போன மேடு

கேள்வி: திருப்பத்தூருக்கு மேற்கே, எங்கள் தாத்தா நிலத்தை ஒட்டி நீளமாக ஒரு மண்மேடு போகிறது. ஊரில் 'ரயில்மேடு' என்கிறார்கள், ஆனால் ரயிலைப் பார்த்தவர் யாரும் இப்போது இல்லை. நடுவே செங்கல்லில் கட்டிய சின்னப் பாலம் ஒன்றும் இருக்கிறது. இப்போது மண் அள்ள ஆரம்பித்துவிட்டார்கள். இதன் வரலாற்றை எப்படித் தேடுவது?
- வாசகர், திருப்பத்தூர்

பதில்: முதலில் நாளைக்கே போய்ப் படம் எடுங்கள், ஏடுகளை அப்புறம் தேடலாம். ஏடு ஆவணக் காப்பகத்தில் இருக்கும், மேடு இருக்காது.

திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 1905இல் ஒரு குறுகிய பாதை திறந்தார்கள். தண்டவாள இடைவெளி இரண்டரை அடிதான், நீளம் ஏறக்குறைய 40 கி.மீ. பஞ்சம் வந்தால் தானியம் கொண்டுபோக வழி வேண்டும் என்ற எண்ணத்தில் போட்ட பாதை அது. 1940களின் தொடக்கத்துக்குள் மூடிவிட்டார்கள். உங்கள் மேடு அதன் மிச்சமாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

உறுதிசெய்ய, கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டையும் (ஊர் நிலங்களின் எண், வகை, பரப்பு எழுதிய ஏடு) பழைய கிராம வரைபடத்தையும் பாருங்கள். வயல்களுக்கு நடுவே நாடா மாதிரி ஒல்லியாக, ஊர் தாண்டியும் தொடர்கிற புறம்போக்கு நிலம் தெரிந்தால் அதுதான் தடம். அடுத்த ஊர் வரைபடத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், கோடு சேர்கிறதா என்று.

எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் இடறி விழுவது ஊர்ப் பெயரிலும் மாவட்டப் பெயரிலும்தான். திருப்பத்தூர் வேலூர் மாவட்டத்திலிருந்து 2019இல் பிரிந்தது, அதற்கு முன் வட ஆற்காடு, சரி, ஆனால் 1911 வரை அது சேலம் மாவட்டம். ஆகவே 1905 பாதையை வட ஆற்காடு ஏடுகளில் தேடினால் நாள்தான் வீணாகும், சேலம் ஏடுகளைக் கேளுங்கள்.

இடத்தில் என்ன பார்ப்பது? மேட்டை மட்டும் பார்க்காதீர்கள். அதன் இரு பக்கமும் மண் வெட்டி எடுத்த பள்ளங்கள் இருக்கலாம், இன்று குட்டை என்று நினைத்துக்கொண்டிருப்போம். செங்கல் சுட்ட காளவாய் இருந்த இடம், கல் உடைத்த பாறை, கூலியாட்கள் குடிசை போட்ட மேட்டு நிலம், அவர்கள் வைத்துக் கும்பிட்ட சாமி, இவற்றையெல்லாம் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுப் பதிவு செய்யுங்கள். மண் வெட்டியவர்கள் பெயரை அரசு ஏடு எழுதி வைப்பது அபூர்வம், பாட்டி சொன்ன கதையில்தான் அவர்கள் இருப்பார்கள், அதுவும் இந்தத் தலைமுறையோடு போய்விடும். அதுதான் எனக்கு உண்மையான கவலை.

பாலத்தின் செங்கல்லை அடிஸ்கேல் வைத்து நீளம், அகலம், உயரம் அளந்து படம் எடுங்கள். ஒரு கல்லைக்கூடப் பெயர்த்து வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள், இடம் விட்டு வந்தால் அது வெறும் செங்கல். மண் அள்ளுவதைப் பற்றி, புல எண்ணும் படமும் சேர்த்து வட்டாட்சியருக்கும் கோட்டாட்சியருக்கும் எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். வாயால் சொன்னது நிற்காது.

கேள்வி: தென்னிந்தியாவின் முதல் ரயில் எங்கள் வாலாஜா ரோடுக்குத்தான் வந்தது என்கிறார்கள், உண்மையா?
- வாசகி, இராணிப்பேட்டை

பதில்: பயணிகள் ரயிலைப் பொறுத்தவரை உண்மைதான் அம்மா. 1853இல் வேலை தொடங்கி, 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து இங்கே பாதை திறந்தது. அப்போது இந்த நிலையத்தின் பெயரே ஆற்காடு, பழைய ஏடுகளில் அந்தப் பெயரில் தேடுங்கள். ஆனால் படம் எடுக்கத் தண்டவாளத்தில் இறங்காதீர்கள். அது இன்றும் வண்டிகள் பறக்கிற பாதை, அனுமதியில்லாமல் நுழைவது 1989 ரயில்வே சட்டப்படி குற்றமும் கூட. நிலைய மேலாளரிடம் சொல்லிவிட்டு நடைமேடையில் நின்றே எடுங்கள்.