எட்டாவது பாட்டோடு நிறுத்துங்கள்

அன்புள்ள சார்,

ஷூகேஸ் (shoegaze) என்கிற கிதார் இரைச்சல் ராக் இசைக்கு நான் புதியவன். ரைட் என்ற ஆங்கிலேயக் குழுவின் முதல் ஆல்பம் ‘நோவேர்’ கொஞ்ச நாளாக என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஹாஸ்டலில் எல்லோரும் தூங்கிய பிறகு பாட்டு வரிசையைக் கலைத்துப் போடும் ஷஃபிளில் போட்டுவிட்டுப் படுத்துக் கிடப்பேன். சொந்தமாக ஒரு பிரதி வாங்கலாம் என்று தேடினால் பல பதிப்புகள். முதலில் வந்த எல்பி இசைத்தட்டில் 8 பாட்டுதான். மறுபதிப்பு சிடியில் 15. காசுக்கு அதுதானே லாபம்? எதை வாங்கட்டும்? பாடல் வரிகள் பாதிகூடக் காதில் விழவில்லையே, அது குறை இல்லையா? கிரன்ஜ் என்ற அமெரிக்க ராக் வந்ததால்தான் இந்த இசை செத்ததா?

கார்த்திக், கோவை

அன்புள்ள கார்த்திக்,

கடைசிக் கேள்வியை விட்டுவிடுவோம். எது எதைக் கொன்றது என்று பிரேதப் பரிசோதனை செய்யப் பத்திரிகைக்காரர்கள் இருக்கிறார்கள். வரிகள் காதில் விழாதது குறையே இல்லை. குரலை கிதார்களுக்கு அடியில் அமுக்கி வைப்பது இந்த இசையில் தெரிந்தே செய்கிற வேலை.

ஆனால் ‘காசுக்கு லாபம்’ என்று எழுதினீர்களே, அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன வாரம்தான் ஒரு நண்பரோடு இதே விஷயத்துக்குக் குரலை உயர்த்திச் சண்டை போட்டேன். பாட்டை என்ன எடை போட்டா வாங்குகிறீர்கள்? அதிலும் ஷஃபிள் வேறு!

1990 அக்டோபரில் கிரியேஷன் இசை நிறுவனம் அந்த எல்பியை வெளியிட்டபோது ஆக்ஸ்ஃபோர்டுப் பையன்கள் நான்கு பேருக்கும் இருபதை ஒட்டிய வயது. முதல் பாட்டு ‘சீகல்’ ஆறு நிமிடம் டிரம்ஸும் கிதாரும் முட்டி மோதத் தொடங்குகிறது. முடிவது ‘வேப்பர் டிரெயி’லில். குழுவின் கிதார்காரர் ஆண்டி பெல் பாடி முடித்து ஒதுங்கிக்கொள்கிறார். கிதார் பின்வாங்க, அதுவரை அடியில் கிடந்த வயலினும் செலோவும் மேலே வருகின்றன. ஒரே சுற்றைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டே மங்கிப் போகின்றன. நாற்பது நிமிடத்துக்குள் அடங்கும் ஆல்பம். அத்தனை இரைச்சலும் இந்த மங்கலுக்காகத்தான் என்று அப்போதுதான் புரியும்.

சிடியில் அப்போதே ‘ஃபால்’ என்ற இபியிலிருந்து (நாலைந்து பாட்டு மட்டும் உள்ள சிறு வெளியீடு) 3 பாட்டைப் பின்னால் ஒட்டினார்கள். ஆல்பத்தின் பெயரைத் தாங்கிய ‘நோவேர்’ பாட்டே அந்த மூன்றில் ஒன்று, எல்பியில் அது கிடையாது! 2001 மறுபதிப்பில் ‘டுடே ஃபாரெவர்’ இபியின் 4 பாட்டும் சேர்ந்துகொண்டன. அந்த இபி வந்ததே 1991இல். 1990இல் முடித்த ஒன்றை அடுத்த வருஷப் பாட்டால் முடித்து வைக்கிறார்கள். மோர் சாதமும் சாப்பிட்டு இலையை மடித்தவனுக்கு மறுபடி சாம்பார் ஊற்றுவார்களா? சாம்பார் நல்ல சாம்பார்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. பின்னால் ஒட்டியதில் முதலாவதான ‘டேஸ்ட்’ அருமையான பாட்டு. ஆனால் வயலின் மங்கிய இரண்டாவது விநாடி அது துள்ளிக் குதித்து வருகிறபோது எனக்கு எழுந்து போய்விடத் தோன்றும்.

எனக்கு இது முதலில் கிடைத்தது எல்பியிலிருந்து பதிவு செய்த கேசட்டாக. கொடுத்த நண்பன் கஞ்சன். வீட்டில் கிடந்த அறுபது நிமிடக் கேசட்டில், பழைய பதிவின் மேலேயே ஏற்றியிருந்தான். பக்கத்துக்கு இருபது நிமிடம் போக மிச்சப் பத்து நிமிடம் அவன் அம்மாவுடையது. செலோ மங்கும், ஒரு ‘கிளிக்’, உடனே நட்டநடுவிலிருந்து முருகன் கவசம்! அவன் அம்மா தேடுவார்களே என்று திருப்பிக் கொடுக்கப் போனால், “அம்மா வேற வாங்கிட்டாங்கடா, நீயே வெச்சுக்கோ” என்றான். வருஷக்கணக்காக அப்படித்தான் கேட்டேன். சிரிக்காதீர்கள். அந்தக் கவசம்கூட என்னைத் தொந்தரவு செய்ததில்லை, அது ஆல்பத்தின் பகுதி என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை.

2011இல் வந்த இருபதாம் ஆண்டுப் பதிப்பில் லாஸ் ஏஞ்சலிஸ் ராக்ஸி அரங்கக் கச்சேரியைத் தனித் தட்டில் போட்டார்கள். அது நேர்மை. வேண்டுமென்றால் எழுந்துபோய்த் தட்டை மாற்றலாம், இல்லையென்றால் படுத்துவிடலாம்.

எதை வாங்குவது என்றுதானே கேட்டீர்கள்? கிடைத்ததை வாங்குங்கள். முதலில் அந்த ஷஃபிளை அணையுங்கள். எட்டாவது பாட்டு முடிந்ததும் போனையும் நிறுத்துங்கள். ‘டேஸ்ட்’டை மறுநாள் காலையில், பல் தேய்க்கும்போது போட்டுக் கேளுங்கள். அதற்கு அது ரொம்பப் பொருத்தம்.