‘மவுண்ட் ஆகவில்லை’ என்றால் டிஸ்க் போய்விட்டதா?

கேள்வி: மண்டபத்தில் கருவாட்டு வியாபாரம் செய்கிறோம். கணக்குப் போட ராமநாதபுரத்தில் பழைய லேப்டாப் ஒன்று வாங்கினேன். விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்துவிட்டதே என்று, அதை அழிக்காமல் கூடவே லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைப் போடப் பார்த்தேன். ‘வி-ஃபேட் வகை ஃபைல் சிஸ்டத்தை பூட்-இஎஃப்ஐ-யில் மவுண்ட் செய்ய முடியவில்லை’ என்று பாதியில் நிற்கிறது. ஹார்ட் டிஸ்க் மாற்ற வேண்டும் என்று கடைக்காரர் பணம் கேட்கிறார். லினக்ஸ் போட்டதால் பில்லில் எழுதிய மூன்று மாத வாரண்டியும் கிடையாதாம். என்ன செய்வது?

பதில்: இப்போதைக்குப் பணம் கொடுக்காதீர்கள். மவுண்ட் என்றால் டிஸ்கின் ஒரு பகுதியைப் பயன்படுத்தத் திறப்பது. அது முடியவில்லை என்ற இந்த ஒரு செய்தியை வைத்து டிஸ்க் கெட்டது என்று யாராலும் சொல்ல முடியாது.

பூட்-இஎஃப்ஐ என்பது கம்ப்யூட்டர் துவங்கத் தேவையான ஃபைல்கள் இருக்கும் சின்னப் பார்ட்டிஷன், அதாவது டிஸ்கில் தனியாகப் பிரித்த பகுதி. பல லேப்டாப்களில் வெறும் 100 எம்பி-தான். பழைய லேப்டாப்பில் பேட்டரி நிற்காது. டிஸ்கில் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் இந்தப் பார்ட்டிஷன் குழம்பிவிடலாம். அது டிஸ்கின் கோளாறு இல்லை, சரிசெய்யக் கூடியது.

முதலில் கணக்கு ஃபைல்களை வேறொரு பென்டிரைவில் எடுத்து வையுங்கள். ஷிஃப்ட் பட்டனை அழுத்திக்கொண்டே விண்டோஸை ஷட்டவுன் செய்யுங்கள். அப்போதுதான் முழுதாக அணையும். இல்லையென்றால் விண்டோஸ் அரைத்தூக்கத்தில் இருக்கும், அதன் பார்ட்டிஷன்களை லினக்ஸ் தொடத் தயங்கும். அப்புறம் மின்ட் பென்டிரைவில் துவக்கி, இன்ஸ்டால் செய்யாமல், பார்ட்டிஷன்களைக் கையாளும் ஜிபார்ட்டெட் செயலியில் அந்தச் சின்னப் பார்ட்டிஷனைத் தேர்ந்தெடுத்து ‘செக்’ கொடுங்கள். பக்கத்தில் சாவிப் படம் இருந்தால் முதலில் ‘அன்மவுண்ட்’ செய்ய வேண்டும். அதை மட்டும் ஃபார்மட் செய்துவிடாதீர்கள், விண்டோஸ் துவங்காமல் போகும். முடிந்ததும் ரீஸ்டார்ட் செய்து மறுபடி இன்ஸ்டால் செய்து பாருங்கள்.

அதற்கும் சரியாகவில்லையா? இனி டிஸ்கைச் சந்தேகிக்கலாம். மின்ட்டிலேயே ‘டிஸ்க்ஸ்’ என்ற செயலி உண்டு. அதன் மெனுவில் ‘ஸ்மார்ட் டேட்டா’ (டிஸ்க் தன் நிலையைப் பற்றி வைக்கும் பதிவு) திறந்து இரண்டு வரிகளைப் பாருங்கள்: ரீஅலோகேட்டட் செக்டர் (கெட்டதால் மாற்று இடம் கொடுத்த துண்டுகள்), பெண்டிங் செக்டர் (படிக்கச் சிரமப்படும் துண்டுகள்). இரண்டும் பூஜ்யம் என்றால் நல்ல அறிகுறி. பெண்டிங் எண் இருந்து, நாளுக்கு நாள் ஏறினால் டிஸ்க் போய்க்கொண்டிருக்கிறது. டிஸ்கின் சீரியல் நம்பரும் தெரியும்படி அந்தத் திரையைப் போனில் படம் எடுங்கள். கடைக்காரரிடம் பேச உங்களிடம் இருக்கும் பலமான ஆதாரம் அதுதான். கடலோரம் என்பதால் இன்னொன்று: உப்புக் காற்றில் டிஸ்க் கனெக்டர் முனைகள் அரித்திருக்கலாம். கழற்றித் துடைத்து மாட்டித் தரச் சொல்லுங்கள்.

ஆப்பரேட்டிங் சிஸ்டம் மாற்றியதால் டிஸ்கில் செக்டர் கெடாது. வாரண்டி மறுப்பை எழுத்தில் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் வந்தாலும் போதும். பில்லைப் பத்திரப்படுத்துங்கள். இறங்கி வரவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். அடுத்தது ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம், 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் இல்லை. ‘வியாபாரத்துக்கு வாங்கியது, நீங்கள் நுகர்வோரே இல்லை’ என்று தட்டிக்கழிக்கப் பார்ப்பார்கள். பிழைப்புக்காகச் சுயதொழிலில் பயன்படுத்துவது வணிக நோக்கம் ஆகாது என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது.

கேள்வி: தொண்டியிலிருந்து எழுதுகிறேன். எனக்கு மவுண்ட் பிரச்சினைகூட இல்லை, இன்ஸ்டாலரில் டிஸ்கே தெரியவில்லை. விண்டோஸ் நன்றாக ஓடுகிறது.

பதில்: விண்டோஸ் ஓடினால் டிஸ்க் அநேகமாக நன்றாகத்தான் இருக்கும். இன்டெல் லேப்டாப் என்றால் பயாஸில் (கம்ப்யூட்டர் துவங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) டிஸ்க் ‘ஆர்எஸ்டி’ அல்லது ‘ரெய்டு’ முறையில் இருக்கக்கூடும். லினக்ஸுக்குத் தெரியும்படி அதைச் சாதாரண ‘ஏஎச்சிஐ’ முறைக்கு மாற்ற வேண்டும். நேரடியாக மாற்றினால் விண்டோஸ் துவங்காது. விண்டோஸ் அடுத்த முறை ‘சேஃப் மோட்’ என்ற குறைந்தபட்ச முறையில் துவங்கும்படி வைத்துவிட்டு, பயாஸில் மாற்றி, ஒருமுறை சேஃப் மோடிலேயே துவக்கியபின் சாதாரண முறைக்குத் திரும்புங்கள். பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) போட்டிருந்தால் அதன் ரெக்கவரி கீயை முன்கூட்டியே தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்; மாற்றியதும் அதைக் கேட்கும்.