தப்பு செய்ய வைப்பதும் ஒரு படிப்புதான்

அம்மா, "காலேஜில் படிக்கும் என் மகள், மிஷின் ஒழுங்காக ஓடுவதற்கு ப்ராஜெக்ட் செய்யாமல், அதை உபயோகிப்பவர்களுக்குத் தப்பு எப்படி வரும் என்று செய்கிறாளாம், அதுவும் இலக்கணம் வைத்து. வேலை கிடைக்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கிடைக்கும். ஆனால் முதலில் அவள் என்ன செய்கிறாள் என்று பார்ப்போம்.

இது தமிழ்ப் பாடத்து இலக்கணம் இல்லை. எதற்குப் பின் எது வரலாம் என்று சொல்லும் விதிகள். 1956-இல் மொழியியலாளர் நோம் சாம்ஸ்கி வகைப்படுத்தியவை. ஏடிஎம்மையே பாருங்கள்: கார்டைச் செருகு, பின் நம்பர், தொகை, பணத்தை எடு, கார்டை எடு. ஐந்து படிகள். ஒரு படியை விட்டுவிடலாம், இரண்டு முறை செய்யலாம், பக்கத்துப் படியோடு மாற்றிவிடலாம். ஒரே ஒரு தப்புக்கே 5+5+4, மொத்தம் 14 கோணல் வரிசைகள். தப்பு இரண்டு மூன்றானால் கையால் எழுதி மாளாது. விதியாகக் கொடுத்துவிட்டால் கம்ப்யூட்டர் எழுதித் தள்ளும்; அவற்றை மிஷின் தாங்குகிறதா என்று சோதிக்கலாம். எந்தத் தப்பு அடிக்கடி வரும் என்று விதிக்கு விதி நிகழ்தகவும் வைக்கலாம். அந்த 14-இல் ஒன்று, பணம் கைக்கு வந்ததும் கார்டை மறந்து கிளம்புவது. வந்த காரியம் முடிந்ததே! அதனால்தான் கார்டை முதலில் கொடுத்துவிட்டுப் பணத்தைப் பிறகு தரும் வடிவமைப்பு வந்தது.

அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் உருவான சிஸ்மித் என்ற கருவி, இதற்குப் பக்கத்து வழியில் போனது. சி என்ற கம்ப்யூட்டர் மொழியின் இலக்கணப்படி தாறுமாறான, ஆனால் செல்லுபடியாகும் நிரல்களை எழுதி, கம்பைலர்களில் (நிரலை மிஷினுக்குப் புரியும் மொழிக்கு மாற்றும் மென்பொருள்) அதுவரை தெரியாத 325-க்கும் மேற்பட்ட பிழைகளைக் காட்டிக்கொடுத்ததாக 2011-இல் எழுதினார்கள்.

நம் ஊரிலும் இந்தத் துறைக்கு வேர் உண்டு. 1974-இல் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிரிதிவாசன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் கோலத்துக்கே இப்படி இலக்கணம் எழுதிக் கட்டுரை வெளியிட்டார்கள்.

வேலை விளம்பரத்தில் "இலக்கணம்" என்று தேடாதீர்கள், இருக்காது. டெஸ்டிங், ஆட்டோமேஷன், வெரிஃபிகேஷன் (சொன்னபடி வேலை செய்கிறதா என்று சரிபார்ப்பது), ஃபஸ்ஸிங் (தாறுமாறான உள்ளீடு கொடுத்துச் சோதிப்பது) என்றுதான் போடுவார்கள். முதல் வேலை சாதாரண டெஸ்டராகவே இருக்கலாம். பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் கை பழகியிருக்க வேண்டும். எம்.டெக். எண்ணம் இருந்தால் அதில் சேர்வதற்கான கேட் தேர்வை மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம். இந்த இலக்கணங்களைச் சொல்லித்தரும், அவள் அலுத்துக்கொள்ளும் தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன் பாடம் அதில் இருக்கிறது.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். ப்ராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்க விடாதீர்கள். "இந்த விதிக்கு ஏன் இந்த நிகழ்தகவு?" என்று இன்டர்வியூவில் கேட்டால் அவள்தான் பதில் சொல்ல வேண்டும். இந்த வாரம் உங்களுக்கே ஒருமுறை விளக்கச் சொல்லிப் பாருங்களேன்.